மோட்டார்ப் பிரயாணமும் நம் குழந்தைகளின் காப்பும்

(சோழவரத்தில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று மாலை என்னைப் பேசும்படி காரியதரிசி அவர்கள் பணித்தபொழுது, கல்வி நிதியைப் பற்றியோ விவாகச் செலவைக் குறைப்பது பற்றியோ யான் பேசக்கூடும் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். அவ்விரண்டைப் பற்றியும் இம்மேடையில் பேசாதார் இலர். யான் எடுத்துக்கொண்ட விஷயமோ, மோட்டார் வண்டியினுள் நாம் எவ்வாறு அமர்கிறோம் என்பது. இதனைக் கேட்டுச் சிலர் நகைப்பீர்கள். ஆறு வருஷங்களுக்கு முன் வேறொருவர் இதைப் பேசியிருந்தால் யானும் நகைத்தே இருப்பேன். இன்று ஏன் நகைக்க இயலவில்லை என்பதைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

நம் பெற்றோர் காலத்தில் சிறுவாபுரிக்கும் பெரியபாளையத்துக்கும் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போவது வழக்கம். வண்டி குடை சாய்ந்தால் ஒருவருக்குக் கால் சுளுக்கும். ஒருவருக்கு முழங்கை சிராயும். கட்டுச்சோறு மண்ணில் விழும். அவ்வளவே. இன்று நம்மவர் தெருவில் மூன்று வீட்டுக்கு ஒரு கார் நிற்கின்றது. இது நம் உழைப்பின் பலன், மகிழவேண்டியதே. ஆனால் நாம் மாட்டு வண்டியில் அமர்ந்த முறையிலேயே காரிலும் அமர்கிறோம். வண்டியின் வேகம் மாறிற்று. நம் பழக்கம் மாறவில்லை.

நம் ஊரின் நடுவே ஓடும் சாலை எத்தன்மையது என்பது உங்களுக்குத் தெரியாததன்று. முன்னே 5 என்றும் இப்பொழுது 16 என்றும் இலக்கமிடப்பட்ட சென்னை–கல்கத்தா நெடுஞ்சாலை அது. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குச் செல்லும் சரக்கு லாரிகளும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு இரும்பும் இயந்திரமும் சுமக்கும் லாரிகளும் இரவு பகலாக அதில் ஓடுகின்றன. சாலையோரத்தில் பின்விளக்கும் இல்லாமல் நிற்கும் லாரியை இரவில் கண்டு பிரேக்கை மிதிக்காத ஓட்டுநர் நம்மில் எவர்? செவ்வாய்க்கிழமைதோறும் சிறுவாபுரி முருகன் சந்நிதிக்கு வரும் கார்களைப் பாருங்கள். ஐவர் அமரவேண்டிய வண்டியில் எண்மர். முன்னிருக்கையில் பாட்டனார் மடியில் ஒரு குழந்தை. பின்னிருக்கையில் தாயின் மடியில் மற்றொன்று. இரு முன்னிருக்கைகளுக்கும் நடுவே நின்றுகொண்டு முன்னே எட்டிப் பார்ப்பது மூன்றாவது.

2022-ஆம் ஆண்டில் இந்தியாவெங்கும் சாலை விபத்துகளில் மாண்டவர் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கு வெளியிட்டிருக்கின்றது. அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதலாவதாக நின்றது நம் தமிழ்நாடு: 64,105. வேறு எதிலேனும் முதலாவதாக நின்றிருக்கலாம். சீட் பெல்ட் என்று நாம் வழங்கும் இருக்கைவாரை அணியாததால் மட்டும் அவ்வாண்டில் மாண்டவர் 16,715 பேர். அவர்களுள் ஓட்டியவர் 8,384. உடன் அமர்ந்து சென்றவர் 8,331. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஓட்டுகிறவனுக்குத்தான் வார் வேண்டும், நமக்கென்ன என்று இருந்தவர்கள் ஓட்டியவர்களுக்கு ஏறக்குறையச் சமமாக மாண்டிருக்கின்றனர்.

இவ்வார் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால் நம் ஊராருக்கு அது அந்நியமாகத் தோன்றாது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் சோழவரத்தில் ஒரு விமானத் தளம் அமைந்தது. யுத்தம் முடிந்தபின், 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் அத்தளத்திலேயே மோட்டார்ப் பந்தயங்களை நடத்தினர். பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறும்வரை, நம்மில் மூத்தோர் பலர் பனைமரத்து நிழலில் நின்று அதைக் கண்டிருக்கின்றோம். பிற்காலத்துப் பந்தய வீரர்கள் இரு தோளிலும் இடையிலும் வாரிட்டு இறுக்கிக்கொண்டே வண்டியை எடுப்பர். அவர்களைக் கோழைகள் என்று நம்மில் ஒருவரும் சொன்னதில்லை. அவ்வாரோ விமானத்திலிருந்து வண்டிக்கு வந்தது. தோளின் குறுக்கே ஒன்றும் இடுப்பின் குறுக்கே ஒன்றுமாக மூன்று இடங்களில் பிணிக்கும் இன்றைய வாரை 1959-ஆம் ஆண்டில் சமைத்தவர் நில்ஸ் போலின் என்னும் ஸ்வீடன் தேசத்து எஞ்சினீயர். அதற்குமுன் அவர் ஆகாய விமானத்தினின்றும் விமானியை வெளியே எறிந்து உயிர் காக்கும் ஆசனத்தைச் சமைக்கும் வேலையில் இருந்தவர். அவரைப் பணியமர்த்திய வால்வோ கம்பெனி, அக்கண்டுபிடிப்பின் உரிமையைத் தனக்கென்று பூட்டி வைத்துக்கொள்ளாமல், பிற கம்பெனியாரும் எடுத்தாளும்படி விட்டுவிட்டது. லாபம் ஒன்றே கம்பெனியாருக்குக் குறி என்று நாம் சொல்லும்பொழுது இதனையும் நினைவிற் கொள்வது நியாயம்.

வார் என்ன செய்கின்றது? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு சுவரில் மோதினால் நிற்பது வண்டிதான். உள்ளே இருப்பவர் நிற்பதில்லை. அவர் அதே வேகத்தில் முன்னே பறப்பார். அது 14 மீட்டர் உயரத்திலிருந்து, அஃதாவது நான்கு மாடி வீட்டின் மேல்தளத்திலிருந்து, தலைகுப்புற விழுவதற்குச் சமானம். மாடிக்குக் கைப்பிடிச்சுவர் இல்லாவிட்டால் நாம் குழந்தையை அங்கே விடுவோமா? வண்டியின் முன்பாகம் நசுங்கும்பொழுது கிடைக்கும் இரண்டடித் தூரத்தில், நம் உடலையும் வண்டியோடு சேர்த்து மெள்ள நிறுத்துவதே வாரின் வேலை. அது தாங்கும் இடங்களும் ஆராய்ந்து வைக்கப்பட்டவை. தோளெலும்பு, மார்புக்கூடு, இடுப்பெலும்பு ஆகிய வலிய எலும்புகளின்மேல் அது படியவேண்டும். வயிற்றின்மேல் கட்டினால் அதுவே உள்ளுறுப்புகளைச் சிதைத்துவிடும். ஆதலால் கர்ப்பவதிகள் கீழ்வாரை வயிற்றின் அடியிலே, தொடையை ஒட்டி இட்டு, மேல்வாரை மார்பின் நடுவே வரும்படி அணிதல் வேண்டும். வயிற்றிலிருக்கும் சிசுவுக்குத் தீங்கு என்று எண்ணி வாரையே விட்டுவிடும் பெண்டிர் நம்மில் பலர். தாய் பிழைத்தால் அல்லவோ சிசு பிழைக்கும்?

பின்னிருக்கைக்கு வார் வேண்டா என்பது நம்மிடையே ஒரு சாஸ்திரம்போல் ஆகிவிட்டது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் தேதி, டாட்டா சன்ஸின் முன்னாள் தலைவராகிய சைரஸ் மிஸ்திரி அவர்கள் ஆமதாபாத்திலிருந்து பம்பாய்க்கு விலையுயர்ந்த ஜெர்மானிய வண்டியில் வந்துகொண்டிருந்தார். பால்கர் ஜில்லாவில் சூரியா நதிப் பாலத்தின்மீது வண்டி மோதிற்று. முன்னே இருந்த இருவரும் கடுமையாகக் காயம்பட்டும் பிழைத்தனர். பின்னே வாரணியாது அமர்ந்திருந்த இருவரும் மாண்டனர். அவருக்கு வயது 54. அவ்வண்டியில் இல்லாத சாதனம் ஒன்றுமில்லை. பின்னிருக்கையின் வார் மாட்டப்படவில்லை, அது ஒன்றே குறை. பின்னிருக்கைக்கும் வார் பொருத்தியே வண்டியை விற்கவேண்டும் என்பது 2002 முதல் நம் நாட்டு விதி. பொருத்துகிறார்கள், நாம் என்ன செய்கிறோம்? வாங்கிய மறுநாளே உறை தைத்துப் போட்டு, வாரின் பூட்டை உறைக்கடியிலே புதைத்துவிடுகிறோம். வாடகைக் கார்களில் அப்பூட்டைத் தேடி எடுப்பது கிணற்றில் விழுந்த குடத்தைத் தேடுவது போன்றது. யான் கையை விட்டுத் துழாவும்பொழுதெல்லாம் ஓட்டுநர் தம்பி, “பின்னால எதுக்கு ஐயா?” என்றுதான் கேட்கிறார்.

இனி ஏர்பேக் எனப்படும் காற்றுப்பையைப் பற்றி. புது வண்டி வாங்கியவர்கள், “எங்கள் வண்டியில் ஆறு காற்றுப்பை இருக்கின்றது, வார் எதற்கு?” என்று சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். ஓட்டும் சக்கரத்தின்மேல் எஸ்.ஆர்.எஸ். என்று மூன்று எழுத்துகள் பொறித்திருப்பதைக் காண்பீர்கள். அவற்றின் பொருள் துணைக் காப்பு என்பது. துணை என்றால் எதற்குத் துணை? வாருக்குத் துணை. மோதல் நேர்ந்ததை உணர்கருவி அறிவித்தவுடன், ஒரு சிறு மருந்து வெடித்து, ஏறக்குறைய ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்திற்குள் அப்பை உப்பிவிடுகின்றது. உடனே சுருங்கியும் விடுகின்றது. கண் இமைப்பதும் அதனினும் மெதுவே. வாரால் பிணிக்கப்பட்டவர் தக்க தருணத்தில் அப்பையின்மேல் சாய்வார். வாரில்லாதவரோ, பை உப்பி வருகையிலேயே அதன்மேல் போய் மோதுவார். பஞ்சணையாக இருக்கவேண்டியது சம்மட்டியாகிவிடும். ஓட்டுநரின் மார்புக்கும் சக்கரத்துக்கும் இடையே 25 சென்டிமீட்டரேனும் இருத்தல் வேண்டும் என்று அறிந்தோர் சொல்வது இதனாலேயே.

இங்கே ஒரு விண்ணப்பம். பக்திமான்கள் என்மேல் கோபிக்கலாகாது. நம் வண்டிகளில் முன்பலகையின்மேல் பிள்ளையாரை ஒட்டி வைப்பது வழக்கம். இடப்பக்கத்தில் அப்பலகைக்கு அடியிலேதான் காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கின்றது. மூடியைப் பிளந்துகொண்டு அது எழும்பொழுது, மேலே இருக்கும் விக்கிரகம் எதிரே அமர்ந்தவர் முகத்தில் எறியப்படும். விக்கிநேசுவரரைச் சற்று நகர்த்தி வைப்பதால் அவர் அருள் குறைந்துபோகாது. முன்புறத்தில் நம்மவர் அழகுக்காக மாட்டும் இரும்புக் காப்புக் கம்பியும் அத்தகையதே. அது மோதலின் விசையை வேறு வழியாகத் திருப்பி, காற்றுப்பையின் உணர்கருவியை ஏமாற்றிவிடக்கூடும். நசுங்கவேண்டிய பாகத்தை நசுங்கவும் விடாது. 2017-ஆம் ஆண்டு டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் அதனை அகற்றும்படி மாகாணங்களுக்கு எழுதியது. நம் தெருவில் இன்றும் சில வண்டிகளில் அது மினுமினுக்கின்றது. பக்கக் காற்றுப்பை இருக்கையின் ஓரத்திலேயே தைக்கப்பட்டிருக்கும் வண்டிகளுக்குக் கண்ட உறையையும் மாட்டுதல் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சட்டத்தைப் பற்றி நீட்டிப் பேசேன். ஓட்டுநருக்குக் காற்றுப்பை 2019 ஜூலை முதலும், அருகிருப்பவருக்கு 2022-இன் தொடக்கம் முதலும் புது வண்டிகளில் கட்டாயமாயின. ஆறு பைகளைக் கட்டாயமாக்கும் யோசனை 2023-இல் கைவிடப்பட்டது. 2014-ஆம் ஆண்டில் குளோபல் என்கேப் என்னும் ஸ்தாபனத்தார் நம் நாட்டுச் சிறு கார்கள் ஐந்தை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தபொழுது, பெரியோர் காப்பில் ஐந்தில் ஒன்றேனும் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. அந்நாளோடு ஒப்பிட்டால் இன்று நம் வண்டிகள் வெகுவாக முன்னேறியுள்ளன. 2023 முதல் பாரத் என்கேப் என்று நம் சர்க்காரே பரீக்ஷை நடத்துகின்றது. அது கட்டாயமன்று, கம்பெனியாரே முன்வந்து வண்டியை ஒப்படைக்கவேண்டும். அதில் பெரியோருக்கு ஒரு நட்சத்திரக் கணக்கும் குழந்தைகளுக்கு வேறொரு கணக்கும் உண்டு. வண்டி வாங்கப் போகிறவர் நிறத்தையும் பாட்டுப் பெட்டியையும் கேட்பதற்கு முன் அவ்விரண்டாவது கணக்கைக் கேளுங்கள்.

இனி, ஏன் நகைக்க இயலவில்லை என்பதற்கு வருகிறேன். என் பெண் படித்தவள். அவளுக்குக் குழந்தை பிறந்தவுடன், குழந்தைக்கென்றே செய்த ஓர் ஆசனத்தை வாங்கி வண்டியின் பின்னிருக்கையில் பொருத்தியிருந்தாள். பேத்திக்கு இரண்டு வயதிருக்கும்பொழுது ஒரு செவ்வாய்க்கிழமை அனைவரும் சிறுவாபுரிக்குப் புறப்பட்டோம். உறவினர் இருவர் கூட வந்தனர்; இடம் போதவில்லை. அவ்வாசனத்தைக் கழற்றித் திண்ணையில் வைக்கச் சொன்னவன் யான். “தாத்தா மடியைவிடவா இந்தப் பிளாஸ்டிக் நாற்காலி பெரிது?” என்று கேட்டவனும் யான். என் பெண், “வேண்டாம் அப்பா” என்று இருமுறை சொன்னாள். மூன்றாம் முறை சொல்லவில்லை. பெரியவர் பேச்சைத் தட்டலாகாது என்று வளர்த்தவன் யானல்லவா?

காரனோடைக்கு அருகே, ஓரத்தில் நின்ற லாரியொன்று சமிக்ஞை இன்றிச் சாலைக்குள் வந்தது. மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தார். மோதலே இல்லை. வேகமும் 40-க்கு மேல் இராது. குழந்தையை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டுதான் இருந்தேன். முப்பது வருஷம் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றில் இரும்போடு உழைத்த கைகள் இவை. அக்குழந்தை என் கைகளிலிருந்து சென்றதை யான் உணரவேயில்லை. முன்பலகையில் அவள் முகம் மோதிய ஓசையைத்தான் கேட்டேன். இரண்டு பாற்பற்கள் உடைந்தன. நெற்றியில் ஐந்து தையல். ஈசன் கிருபையால் அவ்வளவோடு போயிற்று. என் பெண் அன்று என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன்பின்னரே யான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 கிலோ எடையுள்ள குழந்தையோடு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மோதி இரண்டடித் தூரத்தில் நின்றால், அக்கணத்தில் குழந்தையின் கனம் 160 கிலோ அளவு ஆகின்றது. 75 கிலோ அரிசி மூட்டை இரண்டுக்கும் மேல். ஓடும் வண்டியினின்று எறியப்படும் இரு மூட்டைகளைக் கையால் பிடித்து நிறுத்தும் மல்லர் நம் சங்கத்தில் இருந்தால் அவர் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளட்டும். தாயையும் குழந்தையையும் ஒரே வாரால் சேர்த்துக் கட்டுவதும் தகாது. தாயின் பாரம் முழுதும் குழந்தையை வாரோடு வைத்து நசுக்கும். முன்னிருக்கையில் மடியில் இருக்கும் குழந்தைக்கோ மோதலோடு காற்றுப்பையின் அடியும் சேர்ந்துகொள்ளும். அமெரிக்காவில் 1990-களில், மெதுவான மோதல்களிலேயே காற்றுப்பை அடித்துக் குழந்தைகள் மாண்ட பின்புதான், 13 வயதுக்குட்பட்டோர் பின்னிருக்கையிலேயே அமர்தல் வேண்டும் என்று அந்நாட்டார் ஊரெங்கும் அறிவித்தனர். முன்னே தொங்கும் வெயில் மறைப்புப் பலகையில் குழந்தை ஆசனத்தின்மேல் குறுக்குக் கோடிட்ட ஒரு படம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை யானும் பல வருஷம் பார்த்தேன், பொருள் கேட்டதில்லை.

சிசுவின் உடல் நம் உடலின் சிறு வடிவமன்று. அதன் உயரத்தில் கால்பங்கு தலையே, கழுத்தோ இளந்தண்டு. ஆகையால் முதல் ஒன்றேகால் வருஷமேனும், கூடுமானால் அதற்கு மேலும், வண்டியின் பின்புறத்தை நோக்கிய ஆசனத்தில் சிசுவை அமர்த்துதல் வேண்டும். மோதும்பொழுது ஆசனத்தின் முதுகுப்புறம் தலையையும் கழுத்தையும் முதுகையும் ஒருங்கே தாங்கிக்கொள்ளும். பின்னர் முன்னோக்கிய ஆசனம். அதில் ஐந்து முனை வார் உண்டு. அதன்பின், பெரியோருக்குரிய வார் கழுத்தை அறுக்காமல் தோளில் படியும்படி உயர்த்தி வைக்கும் மணை போன்ற ஆசனம். ஏறக்குறைய 150 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை அது வேண்டும். இன்றைய வண்டிகள் பலவற்றில் ஐசோபிக்ஸ் என்னும் இரும்பு வளையம் பின்னிருக்கையின் இடுக்கில் இருக்கின்றது. ஆசனத்தை அதில் மாட்டினால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். தக்க ஆசனம் குழந்தைகளின் மரணத்தை 60 சதவிகிதம்வரை குறைக்கக்கூடும் என்பது உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு.

விலை அதிகம் என்பீர்கள். சகோதரர்களே, நம் வீட்டில் குழந்தை பிறந்தால் தாய்மாமன் சீராக என்னென்ன வருகின்றது? அரைஞாண், கொலுசு, வெள்ளிக் கிண்ணம், தொட்டில். வசதியுள்ளோர் பொற்சங்கிலியும் இடுகின்றனர். ஒரு சவரன் பொன்னின் விலையில் இவ்வாசனங்கள் பலவற்றை வாங்கலாம். சங்கிலி பெட்டியில் பூட்டப்படும். ஆசனம் குழந்தையோடு செல்லும். தாய்மாமன் சீரில் இதனை ஓர் உருப்படியாகச் சேர்க்கும்படி நம் சங்கம் தீர்மானம் செய்யவேண்டும் என்று பிரேரேபிக்கிறேன். இயலாதோர்க்கு, குழந்தை வளர்ந்துவிட்ட வீட்டார் தம் ஆசனத்தைச் சங்கத்திடம் ஒப்படைத்தால் காரியாலயம் அதை மாற்றிக் கொடுக்கலாம். ஒரு நிபந்தனை: விபத்தில் அகப்பட்ட ஆசனத்தை ஒருபொழுதும் பிறருக்கு அளிக்கலாகாது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் அதில் இருக்கும்.

அபராதத்துக்கு அஞ்சி அணிவோர் சிலர் உளர். வாரணியாதவர்க்கும், 14 வயதுக்குட்பட்ட குழந்தையை வாரோ ஆசனமோ இன்றி ஏற்றிச் செல்வோர்க்கும் 1,000 ரூபாய் அபராதம் என்பது 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு. நல்லூர்ச் சுங்கச்சாவடி கண்ணுக்குத் தெரிந்ததும் மாட்டிக்கொண்டு, தாண்டியதும் கழற்றிவிடும் சாமர்த்தியசாலிகள் நம்மில் உண்டு. தொழிற்பேட்டையில் வேலை செய்யும் நம் பிள்ளைகளும் அப்படியே. உள்ளே உயரத்தில் ஏறினால் இடைக்கயிறும் தலைக்கவசமும் இன்றி ஏறமாட்டார்கள், வாயிற்காவலர் விடமாட்டார். அதே பிள்ளைகள் வெளியே வந்து காரில் ஏறியதும், வார் அணியாவிட்டால் ஒலிக்கும் மணி காதைத் துளைக்கின்றதென்று, பூட்டில் செருகி அதன் வாயை அடைக்கும் பொய் நாக்கு ஒன்றைக் கடையில் வாங்கிச் செருகுகிறார்கள். 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தார் ஐந்து இணைய வணிகக் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டு, அப்பொய் நாக்கின் 13,118 விற்பனை அறிவிப்புகளை நீக்குவித்தனர். இவ்வளவு பேர் பணம் கொடுத்துத் தம் அபாயத்தை வாங்கியிருக்கின்றனர் என்பதை நினைக்க வியப்பாக இருக்கின்றது.

பட்டுப் புடைவை கசங்கும் என்ற ஆக்ஷேபணையைத் தாய்மார்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கசங்கும், மறுக்கவில்லை. பக்கத்து ஊர்தானே என்பதும் ஒரு வாதம். காரனோடை எங்கள் வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வருகிற தை மாதத்தில் நம்மவர் வீட்டு விவாகங்கள் பல இருக்கின்றன. பெண் அழைப்புக்கும் மறுவீட்டுக்கும் வாடகை வண்டி பேசுகிறவர்கள், பின்னிருக்கைப் பூட்டுகளை உறைக்கு வெளியே எடுத்துவிட்டே வண்டியை அனுப்பவேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்பொழுதே சொல்லுங்கள். ஓராள் அதிகமானால் இன்னொரு வண்டி பேசுங்கள்.

பேத்தி இப்பொழுது பள்ளிக்கூடம் போகிறாள். நெற்றித் தழும்பு மயிரில் மறைந்துவிட்டது. என் வண்டியில் ஏறினால் தன் ஆசனத்தில் தானே அமர்ந்து வாரை மாட்டிக்கொள்கிறாள். என் மடியைக் கேட்பதில்லை.

அவ்வாசனம் இன்று வாயிலில் நிற்கும் என் வண்டியிலேயே இருக்கின்றது. கூட்டம் முடிந்ததும் அதனைக் கழற்றி மாட்டிக் காட்டுகிறேன். கைக்குழந்தையோடு வந்திருக்கும் தாய்மார்கள் முதலில் வந்து பார்க்கலாம். விளக்கு வைக்கும் நேரமாகின்றது.